நூலுக்கு நூலே விடை: ஈழத்துக் கிறித்தவத் தமிழ் நூல்களும் அவற்றின் வாசகரும்

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றினை எழுதப் புகுந்தோர் கிறித்தவர் தமிழுக்கு ஆற்றிய தொண்டினைத் தனியொரு அத்தியாயமாக வகுத்துக் கூறுவது வழக்கமாகிவிட்டது. அவ்வத்தியாயங்களிலே நூல்களின் பெயர்களும் ஆசிரியர் பெயர்களும் அச்சிடப்பெற்ற ஆண்டுகளும் நிரல்படத் தரப்பட்டிருக்கும். உரைநடை வளர்ந்தது, அகராதி எழுந்தது, பத்திரிகை தோன்றியது என்னும் முடிபுகளும் கூறப்பட்டிருக்கும். இவை யாவும் உண்மையே. ஆயினும், அந்நூல்களை வாசித்தவர் யாவர், அவர் எவ்வாறு வாசித்தனர், வாசித்ததைப் பற்றித் தம்முள் யாது பேசிக்கொண்டனர் என்னும் வினாக்கள் அங்கு பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அச்சுக்கூடத்தைவிட்டு வெளியேறிய நூல் வாசகனின் கையிற் சேர்ந்த பின்னரே அதன் உண்மையான வரலாறு தொடங்குகின்றது. அவ்வரலாற்றினை யாழ்ப்பாணத்தைச் சிறப்பாகவும் ஈழத்துத் தமிழ்ப் பகுதிகளைப் பொதுவாகவும் மனத்திற்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமயம் பரப்புதற்கென எழுதப்பட்ட நூல் தன் வாசகனிடம் உடன்பாட்டினையே எதிர்பார்க்கின்றது. யாழ்ப்பாணத்து வாசகனோ உடன்பாட்டோடு மறுப்பினையும், ஐயத்தினையும், திருத்தத்தினையும் அதற்குத் திருப்பியளித்தான். அவ்வாறு அளிக்கும்போது அவனும் ஒரு நூலையே எழுதினான். நூலுக்கு நூலால் விடையிறுக்கும் இம்மரபே கிறித்தவ நூல்கள் ஈழத்துத் தமிழர்க்கு விட்டுச்சென்ற பெரும் பேறு எனலாம். அப்பேற்றினை அளித்தவர் தாம் எண்ணி அளித்தாரல்லர் என்பதே இவ்வரலாற்றின் சுவையான பகுதியாகும்.

கேட்டு வாசித்த காலம்

தமிழிலே அச்சேறிய முதல் நூல்கள் கிறித்தவ நூல்களே. அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578 இற் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அவரே தொகுத்தளித்த அடியார் வரலாறு 1586 இற் புன்னைக்காயலில் வெளிவந்தது. கத்தோலிக்கப் புனிதர்களின் வாழ்க்கையைத் தமிழ் உரைநடையிற் கூறும் இந்நூல், முத்துக்குளித்துறை மக்கள் தம் புதிய சமயத்தினைக் கதைவழியே அறிந்துகொள்வதற்கென எழுந்ததாகும். ஆயினும் எழுத்தறிவு சிலர்க்கே உரியதாயிருந்த அக்காலத்தில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதே வாசிப்பாயிருந்தது.

ஈழத்திலும் நிலைமை இதுவே. போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்த ஞானப்பள்ளு, பேதுருப் புலவரின் சந்தியோகுமையோர் அம்மானை ஆகியன பள்ளு, அம்மானை என்னும் நாட்டு மரபு வடிவங்களிலே கிறித்தவப் பொருளைக் கூறின. வாயாற் பாடிச் செவியாற் கேட்டற்கேற்ற இவ்வடிவங்களை ஆசிரியர்கள் தேர்ந்துகொண்டமை தற்செயலானதன்று. 

ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்திற் கத்தோலிக்க சமயம் தடைசெய்யப்பட்டிருந்தது. அந்நாளில், 1705 இல் இலங்கை வந்த கோவைத் தீவைச் சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்களை இயற்றினார். தமிழில் அவர் எழுதிய தேவ அருள்வேத புராணம் தன் பெயரிலேயே புராணம் என்னும் சொல்லைத் தாங்கி நிற்பது நோக்கற்பாலது. கிறித்துவின் பாடுகளைக் கூறும் அவரது வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்திலே ஆலயங்களில் உருக்கமான இசையோடு வாசிக்கப்பெற்று வந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே உரைநடை நூலை ஓர் ஊர் முழுவதும் கூடியிருந்து கேட்டுக் கண்ணீர் விடும் வழக்கம் அதனால் உருவாயிற்று. 

எழுத்தறியாதாரும் இந்நூல்களிற் பங்குகொண்டனர் என்பதற்கு மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்கக் கூத்துகள் சான்றாகும். புனிதர் வரலாறுகளும் ஐரோப்பியக் கதைகளும் நாட்டுக்கூத்து வடிவம் பெற்று விடிய விடிய ஆடப்பட்டன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பதிப்பித்த மூவிராசர் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் முதலியவற்றால் இம்மரபின் வளத்தினை அறியலாம். ஏட்டிலிருந்த கதை களரிக்கு வந்ததும் அதற்கு உரிமையாளர் பெருகினர். அண்ணாவியாரும் ஆடுவோரும் பார்ப்போரும் அதனைத் தத்தம் ஊர்க் கதையாக்கிக்கொண்டனர்.

இங்குச் சைவ மரபினையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் மடங்களிலும் புராண படனம் நெடுங்காலமாக நிலவிவந்தது. ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையுடன் வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். கேட்டிருப்போர் சொல்லின் நயத்தையும் பொருளின் பொருத்தத்தையும் மதிப்பிடுவர். பயன் சொல்பவர் தவறினால் அவையிலுள்ள முதியோர் திருத்துவதும் உண்டு. எனவே, நூலொன்றைக் கூட்டாக வாசித்து அதுபற்றிக் கருத்துரைக்கும் பழக்கம் அமெரிக்கப் பாதிரிமார் வரும்வரை யாழ்ப்பாணத்தார் அறியாததொன்றன்று. அச்சு நூல் அப்பழக்கத்தின் எல்லையை விரித்தது. அவையிலே பேசியதை அவையிலில்லாதாரும் அறிய வழிசெய்தது.

துண்டுப்பிரசுரத்தின் வருகை

அமெரிக்க மிசனைச் சேர்ந்த பாதிரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கிய அவர்தம் பணி விரைவிற் பாடசாலைகளாக விரிந்தது. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறியும், 1824 இல் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையும் நிறுவப்பட்டன. பாடசாலை வாசகரை உருவாக்கிற்று. வாசகர்க்கு நூல் வேண்டியிருந்தது. ஆனால், 1820 இல் அச்சுப்பணிக்கென வந்த ஜேம்ஸ் கரெற் என்பவரைப் பிரித்தானிய ஆட்சி இத்தீவில் தங்கவிடவில்லை. அமெரிக்கர் அச்சுக்கூடம் நடத்துவதை அக்காலத்து ஆளுநர் விரும்பாமையே காரணம். 1834 இல் மைனர் என்னும் அச்சாளர் வந்து சேர்ந்த பின்னரே மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சகம் முழுமையாக இயங்கத் தொடங்கியது.

அவ்வச்சகத்திலிருந்து வெளிப்போந்தவற்றுட் பெரும்பாலானவை சிறு துண்டுப்பிரசுரங்கள். சந்தைகளிலும் தெருக்களிலும் கோயில் திருவிழாக்களிலும் அவை இலவசமாக வழங்கப்பட்டன. விலைகொடுத்து வாங்காத நூலுக்கு மதிப்பில்லை என்று இன்று எண்ணலாம். ஆனால், ஓலைச்சுவடியொன்றைப் பெறுதற்கு அதனை வைத்திருப்பவரை நாடி, அவர் அனுமதி பெற்று, நாட்கணக்கிற் பிரதிசெய்ய வேண்டியிருந்த சமூகத்திலே, ஒரு நூல் கேளாமலே கைக்கு வந்து சேர்வது புதுமையான அனுபவமாகும். ஏட்டினை வைத்திருப்பவரே அதன் பொருளுக்கும் உரியவர் என்றிருந்த நிலை அன்றே ஆட்டங்காணத் தொடங்கிற்று.

பிரசுரங்களை வழங்கியோர் எதிர்பார்த்த வாசகன் ஒருவன் உளன். அவன் தனித்திருந்து வாசிப்பான், தன் உள்ளத்தை ஆராய்வான், பாவத்தை உணர்வான், மனந்திரும்புவான். அமெரிக்கப் புரட்டஸ்தாந்து மரபிலே பயின்றுவந்த வாசிப்பு இத்தகையது. யாழ்ப்பாணத்தில் அப்பிரசுரம் திண்ணைக்குச் சென்றது. அங்கு ஒருவர் வாசித்தார், மற்றையோர் கேட்டனர், கேட்டோர் வினவினர். தனிமையில் மனந்திரும்புதற்கென அனுப்பப்பட்ட நூல் அவையிலே விவாதிக்கப்பட்டது.

உதயதாரகையும் மறுமொழியும்

இவ்விவாதத்திற்கு அச்சிலே இடமளித்தது உதயதாரகை. 1841 ஆம் ஆண்டு சனவரி 7 ஆம் திகதி மானிப்பாயிலிருந்து தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வெளிவரத் தொடங்கிய இப்பத்திரிகை மாதம் இருமுறை வெளிவந்தது. வட்டுக்கோட்டைச் செமினறியிற் பயின்ற ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்னும் தமிழர் இருவர் அதன் முதலாசிரியராயினர். சமயத்தோடு கல்வி, விஞ்ஞானம், வேளாண்மை, அரசியற் செய்தி ஆகியனவும் அதில் இடம்பெற்றன. வாசகர் கடிதங்களும் வெளியிடப்பட்டன. மிசனின் பத்திரிகையிலேயே மிசனின் நூல்களை மறுத்துச் சைவர் எழுதிய கடிதங்கள் 1841 இலேயே வெளிவந்தமை வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்ததாகும். எதிர்ப்பினை வெளியிட்டு அதனை மறுப்பது தம் சமயத்திற்கு வலுவூட்டுமென ஆசிரியர் கருதியிருத்தல் கூடும். கருத்து எதுவாயினும், அச்சிலே மாற்றுக் கருத்தும் மதிப்புப் பெறலாம் என்பதனை யாழ்ப்பாணத்தார் அப்பத்திரிகைவழியே கண்டுகொண்டனர்.

இக்காலப்பகுதியில் மறுப்பெழுதியோருள் முத்துக்குமார கவிராயர் ஒருவர். அவர் இயற்றிய ஞானக்கும்மி, யேசுமத பரிகாரம் ஆகியன கிறித்தவப் பிரசாரத்திற்கு எதிரான செய்யுள் வடிவ விடைகளாகும். கும்மி என்னும் மக்கள் வடிவத்தை அவர் கையாண்டமை, ஞானப்பள்ளும் அம்மானையும் செய்த பணியை மறுபக்கத்திலிருந்து செய்தமையாகவே கொள்ளத்தக்கது.

மறுப்பிலக்கியத்தின் உச்சத்தினை ஆறுமுக நாவலரிடம் காண்கின்றோம். 1822 இல் நல்லூரிற் பிறந்த நாவலர், வெசுலியன் மிசன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தவர். கிறித்தவ நூலினை இத்துணை நெருக்கமாக வாசித்த சைவர் அக்காலத்தில் வேறொருவர் இருந்திருப்பாரோ என்பது ஐயமே. சொல்லுக்குச் சொல் நிறுத்து மொழிபெயர்ப்பவன் எந்த வாசகனிலும் ஆழமாக வாசிக்கின்றான். அவ்வாசிப்பின் பயன் 1854 இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்திலே வெளிப்பட்டது. சைவரின் ஆலய வழிபாடு, அபிடேகம், தூபதீபம், விரதம் ஆகியவற்றைப் பாதிரிமார் இகழ்ந்தனர். நாவலரோ விவிலியத்தின் பழைய ஏற்பாட்டினையே எடுத்துக்காட்டி, எருசலேம் ஆலயத்திலும் பலியும் தூபமும் தீபமும் தீட்டு விதிகளும் இருந்தனவன்றோ என வினவினார். எதிரியின் நூலை ஒதுக்கித்தள்ளாமல் அதனை முற்றக் கற்று, அதன் இடங்களைச் சுட்டி, அதன் வழியே விடைகூறும் இம்முறை கண்டனத்தின் தரத்தையே உயர்த்திற்று.

நாவலரின் ஏனைய முயற்சிகளிலும் கிறித்தவ அச்சுப்பண்பாட்டின் சாயலைக் காணலாம். 1847 இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தொடங்கிய பிரசங்கமும், 1848 இல் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், அதையடுத்து நிறுவிய அச்சியந்திரசாலையும், பாலபாடமும், சைவ வினாவிடையும் மிசனரிமார் கையாண்ட கருவிகளைச் சைவத்திற்கு உரியனவாக்கிக்கொண்டவையாம். வினாவும் விடையுமாகச் சமயத்தைக் கற்பிக்கும் நூலமைப்புக் கிறித்தவ ஞானோபதேசங்களிலே பயின்று வந்தது. 1852 இல் அவர் வெளியிட்ட பெரியபுராண வசனத்தினை இவ்வகையில் நோக்கின், அடியார் வரலாற்றை உரைநடையிற் கூறும் வழக்கம், புன்னைக்காயல் அச்சினின்று ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின் சைவர் பக்கத்திலும் நிலைபெற்றமை புலனாகும். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்பது இங்குக் கருத்தன்று. ஒரே வாசகர் தேவையை இரண்டும் நிறைவுசெய்தன என்பதே கருத்து.

வேதநூலுக்கும் வாசகர் தீர்ப்பு

கிறித்தவரல்லாதார் மட்டுமே கிறித்தவ நூல்களை விமரிசித்தனர் எனக் கருதுதல் தவறாகும். பேர்சிவலும் நாவலரும் உழைத்து உருவாக்கிய விவிலிய மொழிபெயர்ப்பு 1850 இல் அச்சேறியது. தமிழ்நடையின் செம்மையிற் சிறந்ததென அறிஞர் அதனைப் பாராட்டினர். ஆயினும் தமிழ்க் கிறித்தவ சபையார் அதனை ஏற்றுக்கொண்டாரல்லர். பப்பிரிசியு பாதிரியாரின் பதினெட்டாம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பின் தொடர்கள் அவர்தம் செவியிற் பதிந்திருந்தன. பிறப்பிலும் திருமணத்திலும் சாவிலும் கேட்டுப் பழகிய அச்சொற்கள், இலக்கணச் செம்மை குறைந்தனவேனும், அவர்க்குத் தம் வேதத்தின் குரலாயிருந்தன. ஈற்றில், பழைய மொழிபெயர்ப்பைப் பெரிதுந் தழுவி, பவர் பாதிரியார் தலைமையிலான குழு திருத்தியமைத்த பதிப்பே 1871 இல் வெளியாகிப் பெருவழக்குப் பெற்றது. 

இந்நிகழ்ச்சி இரு உண்மைகளை உணர்த்துகின்றது. முதலாவது, பண்டிதர் மெச்சிய நடையினைப் பொதுவாசகர் மறுக்கும் உரிமையைத் தாமே எடுத்துக்கொண்டனர். இரண்டாவது, வேதநூலாயினும் அதன் தமிழ் வடிவம் வாசகர் தீர்ப்புக்குட்பட்டதே என்பது வெளிப்படையாயிற்று. எவருடைய தமிழ் சரியான தமிழ், செவிக்குப் பழகியதா, இலக்கணத்திற்கு இயைந்ததா என்னும் வினா பிற்காலத்தில் ஈழத்திலே எழுந்த மரபுப் போராட்டத்திலும் மீண்டும் எழுந்ததை இங்கு நினைவுகூரலாம்.

கதையும் கதையின் நெகிழ்ச்சியும்

வாதநூலுக்கு மறுப்பு எழுதலாம். கதைக்கு மறுப்பு எழுதுதல் எளிதன்று. இதனை உணர்ந்தமையாலோ என்னவோ, மிசனரிமார் கதைநூல்களிலும் கருத்துச் செலுத்தினர். அவர்தம் முதன்மையான கதைநூல் ஜோன் பனியன் 1678 இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணம். அழிவின் நகரத்தைவிட்டு மோட்ச நகரை நாடிச் செல்லும் பயணியின் கதையைக் கூறும் இந்நூல் தமிழிற் பலமுறை மொழிபெயர்க்கப்பட்டது. உடுவிலிற் பணியாற்றிய ஸ்போல்டிங் பாதிரியார் அதனைத் தமிழாக்கியோருள் ஒருவர். உருவகக் கதையாகிய இது தமிழ் வாசகர்க்குப் பெரிதும் அந்நியமாய்த் தோன்றியிராது. யாத்திரை, பற்றறுத்தல், வீடுபேறு என்பன அவர் அறிந்த கருத்துகளே. திருநெல்வேலியைச் சேர்ந்த கிருஷ்ணபிள்ளை இதனைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்னும் காவியத்தைப் பாடி 1894 இல் நிறைவாக வெளியிட்டார். ஆங்கிலேயப் பாமரனுக்கென எழுந்த உரைநடைக் கதை தமிழிற் கம்பனைப் பின்பற்றும் காவியமாக உயர்ந்தது. இதுவும் ஒருவகை வாசக விடையே. தாம் வாசித்த நூலைத் தம் மரபின் உச்சமான வடிவத்திலே அவர் திருப்பி எழுதினார்.

ஈழத்தில் 1856 இல் வெளிவந்த காவலப்பன் கதை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. ஹன்னா மோர் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் நீதிக்கதையொன்றின் தமிழாக்கமான இதனை ஈழத்துத் தமிழ்ப் புனைகதையின் முன்னோடியாகக் கொள்வாருமுளர். மூலக்கதை எளியது. தலைவன் வெளியூர் சென்றிருக்க, கோட்டையைக் காக்கும் காவலன் வெளியே நிற்கும் கள்வனோடு பேச்சுக்கொடுக்கின்றான். இனிய பேச்சில் மயங்கி ஈற்றிற் கதவைத் திறந்துவிடுகின்றான். சோதனையோடு உரையாடவுங்கூடாது என்பதே அதன் படிப்பினை. ஆனால் கதையாக வாசிக்கும்போது வாசகன் மனத்திற் பதிவது யாது? ஐயமும் ஆவலும் மாறிமாறி அலைக்கும் அக்காவலனின் பேதைமையே. நீதியைக் கூறவந்த கதை மனித இயல்பைக் காட்டிவிடுகின்றது. புனைகதையின் தனித்தன்மை இதுவாகும். ஆசிரியன் கூறக் கருதியதைவிடக் கூடுதலாகவே அது எப்போதும் கூறுகின்றது.

ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் நன்னெறிக் கதாசங்கிரகம் 1869 இல் வெளிவந்தது. உதயதாரகையின் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றிய இவர், 1886 இற் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டார். கிறித்தவராகிய இவர் அந்நூலிற் சைவ, வைணவப் புலவர்களையும் பேணித் தொகுத்திருப்பது கருதத்தக்கது. சமயக் கண்டனங்கள் கடுமையாக நிகழ்ந்த அதே நூற்றாண்டிலே, அவற்றின் நடுவிருந்த ஒருவரே தமிழ்ப் புலவரனைவரையும் ஒரே நூலில் அமர்த்தினார். 1891 இல் திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய ஊசோன் பாலந்தை கதை ஐரோப்பிய வீரக்கதை ஒன்றைத் தழுவியது. கத்தோலிக்கக் கூத்து மரபிலே கேட்டுப் பழகிய கதைச்சுவை நாவல் என்னும் புதுவடிவத்திற் புகுந்தமைக்கு அது எடுத்துக்காட்டாகும்.

பெண்குரல்

இவ்வளவும் கூறியபின், இதுவரை பேசப்பட்ட நூலாசிரியர்களுள் ஆங்கிலப் பெண்மணி ஒருவர் தவிர ஏனையோர் யாவரும் ஆடவரே என்பதனை மறத்தல் கூடாது. உடுவிற் பாடசாலை தோன்றித் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னர், 1914 இல், மங்களநாயகம் தம்பையாவின் நொறுங்குண்ட இருதயம் என்னும் நாவல் வெளிவந்தது. ஈழத்துத் தமிழ் நாவலாசிரியைகளுள் முதல்வராகக் கருதப்படுபவர் இவரே. நாவலின் பெயர் விவிலியச் சங்கீதங்களின் மொழியை நினைவூட்டுவது. அதன் நோக்கும் கிறித்தவ நோக்கே. பொறுமை, மன்னிப்பு, மனந்திரும்புதல் ஆகியவையே அதன் அறங்கள். ஆனால் கதையின் களம் யாழ்ப்பாணத்துக் கிறித்தவக் குடும்பம். செல்வமும் அந்தஸ்தும் நோக்கிச் செய்யப்படும் திருமணமும், கணவனின் கொடுமைக்கு ஆளாகும் கண்மணியின் துன்பமும் அங்குச் சித்திரிக்கப்படுகின்றன.

இந்நாவலைக் கிறித்தவ நூல்களுக்குக் கிறித்தவப் பெண்ணொருவர் அளித்த விடையாகக் கொள்ளலாம். ஒரு நூற்றாண்டுக் காலமாகப் பிரசுரங்கள் சைவ இல்லங்களின் குறைகளையே சுட்டிவந்தன. கிறித்தவ இல்லத்தினுள்ளேயும் அதே சீதனமும் அதே கொடுமையும் உள எனக் காட்டியது இந்நாவல். சமயம் மாறியதாற் குடும்பம் தானே மாறிவிடவில்லை என்ற உண்மை வாதநூல்களில் இடம்பெறாது போயிற்று. கதையிலே அது தப்பாது வெளிவந்தது. கண்மணியின் பொறுமையை ஆசிரியை போற்றுகின்றார் என்பது மெய்யே. எனினும், அப்பொறுமைக்கு அவள் கொடுத்த விலையினையும் அவர் மறைக்கவில்லை. போற்றுதலும் முறையீடும் ஒருங்கே அமைந்தமையாலேயே அந்நாவல் இன்றும் வாசித்தற்குரியதாகின்றது.

அவர் கணவர் ஐசாக் தம்பையா 1925 இல் இலண்டனிலே ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். தாயுமானவர் பாடல்களின் மொழிபெயர்ப்பாகிய அதற்குச் சைவ அடியார் ஒருவரின் சங்கீதங்கள் என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். கிறித்தவர் ஒருவர் சைவ அடியாரின் பாடல்களைத் தம் வேதநூலின் பெயராலேயே அழைத்தது சைவதூஷண பரிகாரம் வெளிவந்து எழுபது ஆண்டுகளின் பின்னராகும். ஒருவர் நூலை மற்றவர் மறுப்பதற்காக வாசித்த காலம் போய், ஒருவர் நூலை மற்றவர் நயப்பதற்காக வாசிக்கும் காலமும் வந்தது.

இம்மரபின் எல்லைகள்

இம்மரபினை மிகைபடப் புகழ்தல் வரலாற்று நேர்மைக்கு ஏற்றதன்று. கண்டன நூல்களிற் பல இருபக்கத்தும் வசைமொழி நிரம்பியவை. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் தமக்குள்ளே நடத்திய வாதங்களும் அத்தகையனவே. வீரமாமுனிவர் காலத்திலேயே தமிழகத்தில் தொடங்கிய அவ்வாதங்கள் ஈழத்திலும் தொடர்ந்தன. மேலும், இம்மன்றத்திலே யாவர்க்கும் இடமிருக்கவில்லை. செமினறியிலும் சைவப் பாடசாலையிலும் பயின்றோர் பெரும்பாலும் உயர்சாதியினரும் வசதிபடைத்தோருமே. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் பாடசாலையிற் சமமாக அமர்ந்து கற்பதற்கான போராட்டம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர வேண்டியிருந்தது. சமயத்தில் மாறுபட்டுப் பொருதோர் சாதியில் ஒன்றுபட்டிருந்தனர் என்னும் கசப்பான உண்மையை எந்தத் துண்டுப்பிரசுரமும் மறைத்துவிட முடியாது. நூலுக்கு நூலால் விடையிறுத்தற்கு முதலில் எழுத்துக் கைவரப்பெற வேண்டும். எழுத்து மறுக்கப்பட்டோரின் விடை அக்கால அச்சிலே பதிவாகவில்லை.

இக்குறைகளைக் கருதியபின்னும் ஒன்று எஞ்சுகின்றது. ஒரு நூல் தன்னைப் புண்படுத்தியபோது, அதனை வாசித்து, அதன் கூற்றை அறிந்து, அதற்கு விடையாக மற்றொரு நூலை எழுதுவது யாழ்ப்பாணத்தில் வழக்கமாயிற்று. 1876 இற் கத்தோலிக்கரின் சத்தியவேத பாதுகாவலன் தொடங்கப்பட்டது. 1889 இற் சைவரின் இந்துசாதனம் தொடங்கப்பட்டது. ஒன்றையொன்று மறுத்த பத்திரிகைகள் ஒன்றையொன்று வாசித்தே மறுத்தன. அவற்றையெல்லாம் ஒருங்கே வைத்து வாசிக்கும் இடமொன்றும் பின்னர் உருவாயிற்று.

முடிவுரை

1933 இற் க. மு. செல்லப்பா என்பவர் தம் இல்லத்திலே நூல்களைச் சேர்த்து இரவல் வழங்கத் தொடங்கினார். அம்முயற்சி வாசிகசாலையாகி, யாழ்ப்பாணப் பொதுநூலகமாக வளர்ந்து, 1959 இற் புதிய கட்டடத்திற் குடிபுகுந்தது. அக்கட்டடம் எழுதற்கு உழைத்தோருள் முன்னின்றவர் சம்பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகளார். முன்றிலிலே கலைமகள் சிலை வீற்றிருந்தது; அதனைக் கட்டுவித்தோருட் கத்தோலிக்கக் குரு ஒருவர் இருந்தார். நூற்றாண்டுக்கு முன் ஒருவரையொருவர் கண்டித்தெழுதிய இரு சமயத்தாரின் நூல்களும் அங்கு ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்த தட்டுகளில் அமர்ந்தன. 

1981 ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் அந்நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும், கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளும், பழைய பத்திரிகைகளும் சாம்பராயின. எரியும் நூலகத்தைச் சம்பத்திரிசியார் கல்லூரியிலிருந்து கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் அவ்வதிர்ச்சியிலேயே உயிர்நீத்தார். 

பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்துப் பாதிரியாரும் நாவலரும் ஒருவர் கருத்தை மற்றவர் அறவே ஏற்காதவர். கடுஞ்சொல் கூறத் தயங்காதவர். எனினும் ஒருவர் நூலை வாசித்த பின்னரே மற்றவர் எழுதுகோலை எடுத்தார். வாசித்தவன் விடை எழுதுகின்றான். வாசிக்க மறுத்தவனிடம் நெருப்பொன்றே எஞ்சுகின்றது. மீண்டும் கட்டப்பட்ட அந்நூலகத்தின் தட்டுகளை நிரப்புவதோடு அமையாது, மறுப்பதற்காயினும் பிறர் நூலை முழுதும் வாசிக்கும் அப்பழைய ஒழுக்கத்தினையும் நிரப்புதல் இன்றைய மாணவர் கடனாகும்.